மார்த்தாள் நம்ம ஆள்தான்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



ஓயாத வேலைக்கு நடுவே மன அமைதி எப்படி என்று பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். பீடி சுற்றுகிறேன். 9 வருஷமாக எங்கள் குழுவுக்கு ஊக்குநர். நான் கும்பிடுவது இயேசு சாமியை, அதனால் எனக்குத் தெரிந்த வேதத்தை வைத்துத்தான் பேச முடியும். மற்ற அக்காமார் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமைதி வேண்டாத பொம்பளை எந்த மதத்திலும் இல்லை.

நம்ம பாடு நமக்குத் தெரியும். நாலரை மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, இலையை நனைத்து வைத்து, சோறு பொங்கி, பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தட்டை மடியில் வைத்தால், சாயங்காலம் பீடிக்கடைக்குக் கணக்கு போய்ச் சேரணும். நடுவில் மாமியாருக்கு மாத்திரை, ரேஷன் கடை, பேங்க் வரிசை. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு குழுவின் ரொக்கப் புத்தகம்.

போன ஆடி மாசம் எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி மூன்று தவணை கட்டவில்லை. பேங்கிலிருந்து எனக்குத்தான் போன் வரும். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், "கட்ட வக்கில்லாதவளுக்கு எதுக்குட்டி கடன்?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் முழங்கால் போட்டால், கண்ணை மூடியதும் தவணைக் கணக்குதான் ஓடுகிறது. எல்லோரும் ஆமென் சொல்கிறார்கள், நான் வட்டி பெருக்கிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வாரம் பெண்கள் ஐக்கியத்தில் வேதம் வாசிக்கிற முறை எனக்கு வந்தது. லூக்கா சுவிசேஷத்தில் மார்த்தாள், மரியாள் கதை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எருசலேம் பக்கத்தில் பெத்தானியாவில் இருந்த அக்கா தங்கச்சி. வீட்டுக்கு இயேசு வருகிறார். மரியாள் அவர் காலடியில் உட்கார்ந்து பேச்சைக் கேட்கிறாள். மார்த்தாளுக்கு அடுப்படியில் கை ஓயவில்லை. பொறுக்காமல் வந்து, இவள் என்னைத் தனியாக விட்டுவிட்டாளே, கேட்கமாட்டீரா என்கிறாள். நீ எத்தனையோ காரியத்துக்காகக் கவலைப்பட்டுக் கலங்குகிறாயே, மரியாள் நல்லதைத் தெரிந்துகொண்டாள் என்கிறார் இயேசு.

பிரசங்கத்தில் எல்லாம் மார்த்தாளைக் குறையாகத்தான் சொல்வார்கள். பிரசங்கம் முடிந்து சாப்பாட்டு நேரம் வந்தால் மட்டும் மார்த்தாள் எங்கே என்று தேடுவார்கள்! எனக்கு அவள்மேல் பாவமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, அவளைப் பற்றி வேறு எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். யோவான் சுவிசேஷத்தில் இருக்கிறது. கூடப்பிறந்த லாசரு செத்து நாலு நாள் ஆன பிறகு இயேசு வருகிறார். மரியாள் வீட்டிலேயே உட்கார்ந்திருக்க, எழுந்து எதிர்கொண்டு போனது மார்த்தாள்தான். அடுத்த அதிகாரத்தில், பஸ்கா பண்டிகைக்கு ஆறு நாளைக்கு முன்னால், அதே ஊரில் ஒரு விருந்து. அங்கேயும் பரிமாறுகிறவள் மார்த்தாள்தான். மரியாள் அன்றைக்கும் இயேசுவின் காலடியில்தான் இருக்கிறாள், வாசனைத் தைலத்தோடு. ஆனால் மார்த்தாள் முறையிட்டதாக ஒரு வார்த்தை இல்லை.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாளும் வேலை குறைந்தால் நிம்மதி வரும் என்று காத்திருந்தவள் நான். மார்த்தாளுக்கு வேலை குறையவில்லை. அதே பாத்திரம், அதே கூட்டம். மற்றவள் என்ன செய்கிறாள், செய்யவில்லை என்ற கணக்கு மட்டும் போய்விட்டது.

மறுநாள் அந்தத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. அவள் வீட்டுக்காரர் கேரளாவில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டு, ஒன்றரை மாசமாகக் கட்டிலில் கிடக்கிறார். எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவும் இல்லை. "மன்னிச்சிருட்டி" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு டம்ளர் கடுங்காப்பி கொண்டுவந்து வைத்தாள். அடுத்த கூட்டத்தில் பேசி, அவள் பாக்கியைக் குழுச் சேமிப்பிலிருந்து உள்கடனாக மாற்றித் தீர்மானம் எழுதினோம். இப்போது கட்டி வருகிறாள். இன்னும் ரெண்டு தவணை நிற்கிறது. என்னோடு முன்னே மாதிரிப் பேச அவளுக்கு நாலு மாசம் ஆச்சு. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஜெபத்துக்கென்று தனியாக ஒரு மணி நேரம் இன்றைக்கும் எனக்குக் கிடைப்பதில்லை. கைதான் வேலையில் இருக்கிறது, வாயும் மனசும் சும்மாதானே இருக்கு? 25 பீடிக்கு ஒரு கட்டு. ஒரு கட்டுக்கு ஒரு பேர் சொல்லி ஜெபிக்கிறேன். குழுவில் 14 பேர். ஆயிரம் சுற்றுகிற அன்றைக்கு 40 கட்டு, ஆளுக்குக் கிட்டத்தட்ட மூன்று தரம் வந்துவிடும். சில நாள் நடுவில் பால்காரர் பாக்கி ஞாபகம் வந்து பேர் விட்டுப்போகும். விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பேன். பேர் சொல்லி ஜெபித்தவளைக் கூட்டத்தில் வைத்து ஏச வாய் வருவதில்லை, அதைக் கண்டுகொண்டேன். ராத்திரி தூக்கமும் வருகிறது.

எங்கள் குழுவில் இப்போது ரொக்கப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் ரெண்டு நிமிஷம் சும்மா உட்காருகிறோம். அவரவர் சாமியை அவரவர் நினைத்துக்கொள்வார்கள். பிறகு முதல் கேள்வி, "வீட்டில எல்லாரும் சுகமா?" அதற்கப்புறம்தான் சந்தா.

தலைவி அக்கா மணியைப் பார்க்கிறார்கள். எனக்கும் வீட்டில் இன்னும் 300 பீடி பாக்கி கிடக்கிறது.