மூழ்கிய எஞ்சினைத் திறந்து பார்க்காமல் விலை பேசாதீர்கள்



2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. முத்துப்பேட்டைப் பக்கம் சாய்ந்த தென்னைகளைப் பற்றியும் அலையாத்திக் காட்டுக்கு நேர்ந்த சேதத்தைப் பற்றியும் அப்போது நிறையப் பேசினோம். நீரில் நின்ற வண்டிகளைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. சரக்கு ஆட்டோ, டிராக்டர், மோட்டார் சைக்கிள் என்று ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் வருமானம். அந்த வீட்டுக்காரர் மெக்கானிக்கிடம் கேட்டது ஒரே கேள்விதான். இந்த எஞ்சினைத் தேற்ற முடியுமா, வேறு எஞ்சின் போட வேண்டுமா? ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் டெல்டாவில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியோடு நிற்கிறார். அதனால்தான் இன்று இதைப் பேச எடுத்துக்கொண்டேன்.

முத்துப்பேட்டைக்காரர் முதலில் சொல்ல வேண்டியது, வண்டி எந்தத் தண்ணீரில் நின்றது என்பதை. பாமணியாறும் கோரையாறும் வந்து லகூனில் கலக்கிற ஊர் இது. வயல் பக்கம் நின்ற வண்டிக்குள் போனது ஆற்று வெள்ளமும் வண்டலும். காட்டுப் பக்கம், படகுத்துறைப் பக்கம் நின்ற வண்டிக்குள் போனது உப்பு. நல்ல தண்ணீர் இரும்பை மெதுவாகத் துருப்பிடிக்க வைக்கும். உப்புத் தண்ணீர் பல மடங்கு வேகமாக அரிக்கும். அலுமினிய ஹெட்டும் இரும்பு போல்ட்டும் ஒட்டி இருக்கிற இடத்தில் உப்பு நீர் புகுந்தால், முதலில் கரைவது அலுமினியம். வெயிலில் நிறுத்திக் காயவைத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. காய்ந்த பிறகும் படிந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு அரித்துக்கொண்டேதான் இருக்கும். ஆகவே உப்பு நீரில் நின்ற எஞ்சினை முதலில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தண்ணீரால் கெட்டதற்கு மறுபடியும் தண்ணீரா என்று தோன்றும். உப்பை வெளியேற்ற வேறு வழி இல்லை. கழுவிய கையோடு டீசலும் எண்ணெயும் ஊற்றி ஈரத்தை விரட்ட வேண்டும்.

அடுத்தது சாவி. வெள்ளம் வடிந்ததும் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமே என்று கை போகும். தேறியிருக்க வேண்டிய எஞ்சின்களில் பல அந்த ஒரு நொடியில்தான் செத்துப்போகின்றன. கணக்கைப் பாருங்கள். ஒரு சிறிய டீசல் சரக்கு வண்டியில் ஒரு சிலிண்டர் 350 சி.சி. என்று வைத்துக்கொள்வோம். அழுத்த விகிதம் 18க்கு 1. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சுகிற இடம் சுமார் 20 மில்லி மட்டுமே. இருமல் மருந்து பாட்டிலின் மூடியில் இரண்டு முறை பிடிக்கிற அளவு தண்ணீர் உள்ளே இருந்தாலும் பிஸ்டனுக்கு மேலே வர இடமில்லை. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. செல்ஃப் மோட்டார் தள்ள, கனெக்டிங் ராடு வளைகிறது. கியரில் போட்டுக் கயிறு கட்டி இழுத்தால் இன்னும் மோசம். ராடு பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதன் பிறகு தேற்றலாமா என்ற கேள்விக்கே இடமில்லை.

சாவியைத் தொடாமல் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். எண்ணெய்த் தொட்டியின் ட்ரெயின் பிளக்கை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயை விடக் கனம் என்பதால் அது அடியில் நிற்கும், முதலில் அதுதான் வரும். தெளிந்த தண்ணீராக வந்தால் எஞ்சின் ஓடவில்லை, தண்ணீர் மட்டும் புகுந்திருக்கிறது என்று கொள்ளலாம். எண்ணெயும் நீரும் கலந்து வெளிறி நுரைத்து வந்தால், தண்ணீர் புகுந்த பிறகு யாரோ ஓட்டியிருக்கிறார்கள். பிறகு நாசிலையோ ஸ்பார்க் பிளக்கையோ கழற்றி, அந்தத் துளை வழியாக எண்ணெய் ஊற்றி, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதி கவலை தீர்ந்தது. இறுகியிருந்தால் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றிச் சில நாள் ஊற விடுங்கள். தினமும் முன்னும் பின்னும் கொஞ்சம் அசையுங்கள். நீளமான பைப்பை மாட்டி ஒரே மூச்சில் திருப்பினால் ரிங் ஒடியும்.

இந்தப் பொறுமைக்குக் கஜா சமயத்தில் தனி மதிப்பு இருந்தது. உள்கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத்தான் குடிதண்ணீர்த் தொட்டியை நிரப்பினார்கள். மின்சாரம் இல்லாமல் லேத் பட்டறை ஓடாது, போரிங் நடக்காது. அப்படிக் காத்திருக்க வேண்டி வந்தால் சிலிண்டரில் எண்ணெய் நிறைந்திருக்க வேண்டும். காலியாக விட்ட சிலிண்டரில் துரு வேலை செய்துகொண்டே இருக்கும்.

இனி ஹெட்டைக் கழற்றுங்கள். முடிவு சொல்ல வேண்டிய இடம் இதுதான், இதற்கு முன்னால் யார் சொன்னாலும் அது ஊகம். சிலிண்டர் சுவரில் செந்நிறமாகப் படிந்த துரு, டீசலில் நனைத்த நைஸ் எமரியில் போய்விட்டால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். துடைத்த பிறகு நகத்தை மேலிருந்து கீழே இழுங்கள். நகம் எங்காவது தட்டினால் அங்கே குழி விழுந்திருக்கிறது. அதன் ஆழத்தை அளந்தாக வேண்டும். ஓவர்சைஸ் பிஸ்டன்கள் பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் படிகளில் கிடைக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் ஓவர்சைஸுக்குப் போரிங் செய்தாலும் ஒரு பக்கச் சுவரில் சீவப்படுவது அரை மில்லிமீட்டர்தான். குழி அதைவிட ஆழம் என்றால் போரிங் உதவாது, ஸ்லீவ் இறக்க வேண்டும். லைனர் உள்ள டிராக்டர் எஞ்சின் என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டாம். லைனரும் பிஸ்டனும் ரிங்கும் சேர்ந்த செட்டாகவே கடையில் கிடைக்கும். பழைய டிராக்டரைத் துருவைப் பார்த்துப் பயந்து எடைக்குப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

கிராங்க் ஷாஃப்டையும் அளந்து பாருங்கள். கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற பேரிங் போட வழி இருக்கிறதா? ராடு நேராக இருக்கிறதா? இந்த இரண்டும் பிளாக்கும் நன்றாக இருந்தால் தேற்றுங்கள் என்பதே என் கட்சி. ஆனால் உப்பு நீரில் வாரக்கணக்கில் கிடந்து, அலுமினிய ஹெட்டில் கேஸ்கெட் உட்காரும் இடமும் தண்ணீர்ப் பாதையும் அரித்துப்போயிருந்தால் அதில் மேலும் ஒரு ரூபாயும் போடாதீர்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் கணக்கு வேறு மாதிரி. பிளாக் பழுதில்லாமல் இருக்கும். ஆனால் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, ஒயரிங், உயர் அழுத்த டீசல் பம்ப் என்று வெளியே இருப்பவற்றின் பில்லே எஞ்சினைத் தாண்டிப் போகலாம். அவற்றையும் சோதித்த பிறகே மொத்தத் தொகையைப் பேசுங்கள்.

இன்சூரன்ஸ் இருந்தால் எதையும் கழற்றுவதற்கு முன் தண்ணீர் நின்ற தடம் தெரியப் படம் எடுத்து, நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வெள்ளச் சேதத்துக்குப் பணம் வராது. முழு பாலிசி இருந்தாலும், தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் ராடு வளைந்தது என்று தெரிந்தால், எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கை இல்லாத பட்சத்தில் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். பழுதுச் செலவு, பாலிசியில் குறித்த வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழுச் சேதமாகக் கணக்கிடுவார்கள். அந்த நிலையில் தேற்றப் போராட வேண்டியதில்லை.

வேறு எஞ்சின் போடுவது என்று முடிவானால் சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகள் இருக்கின்றன. அங்கே நிற்கும் எஞ்சினும் 2015 டிசம்பர் வெள்ளத்தையோ 2023 மிக்ஜாம் புயலையோ பார்த்ததாக இருக்கலாம். வால்வு மூடியைத் திறக்கச் சொல்லுங்கள், மூலைகளில் சேறும் துருக்கோடும் தேடுங்கள். கையால் சுற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். எஞ்சின் எண்ணுக்குரிய ஆவணம் இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, எஞ்சினை மாற்றுவதற்குப் பதிவு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். புதிய எண் ஆர்.சி. புத்தகத்தில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அடுத்த விபத்தில் இன்சூரன்ஸுக்கும் வண்டியை விற்கும் நாளில் கையெழுத்துக்கும் தவிக்க நேரிடும்.

மெக்கானிக்கிடம் பேசும்போது வேலையை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். திறந்து, கழுவி, அளந்து எழுதித் தருவதற்கு ஒரு கூலி. அந்த அளவுகளைப் பார்த்த பிறகு மீதி வேலைக்குத் தனி விலை. பிளாக், கிராங்க், ராடு, ஹெட் நான்கின் அளவும் ஒரு தாளில் உங்கள் கைக்கு வந்த பிறகே தேற்றுவதா மாற்றுவதா என்று சொல்லுங்கள். அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள், வண்டியை எடைக்கும் போடாதீர்கள்.