தறிக்குழியும் பாண்டிக்கட்டமும்

(காஞ்சிபுரத்தில் இளைஞர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மனநலம் பற்றிப் பேசக் கூப்பிட்டீர்கள். தூக்கம், மூச்சுப்பயிற்சி பற்றியெல்லாம் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் விளையாட்டைப் பற்றிப் பேசுகிறேன். இந்த ஊரில் அதைத் தறியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் பிரியாமல் பிணைந்திருக்கும். அதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளர் ஒருவரால் ஆகாது. ஒரு பக்கக் கரைக்கு நாடா போட இன்னொருவர் உட்கார வேண்டும். நீண்ட காலம் அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஒரு குழந்தை.

ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் நம் காஞ்சிபுரமும் இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளையின் நாட்கள் ஈடாகப் போயின. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

அந்தப் பிள்ளைகள் இழந்தது படிப்பு என்று சொல்கிறோம். அது பாதி உண்மை. மாலை நேரத்தையும் சேர்த்துத்தான் இழந்தார்கள். பாண்டி ஆடும் சிறுமியைப் பாருங்கள். கட்டத்தை அவளே கிழிக்கிறாள். தகராறு வந்தால் விதியைப் பேசி மாற்றுகிறாள். தோற்றால் அழுகிறாள், அடுத்த ஆட்டத்தில் மறந்துவிடுகிறாள். கோபத்தையும் ஏமாற்றத்தையும் சின்ன அளவில் தாங்கிப் பழகும் இடம் அது. தறிக்குழியில் தவறு செய்தால் திட்டு, அடி, கூலிப் பிடித்தம். தவறு என்றாலே பயம் என்று கற்ற பிள்ளை, வளர்ந்த பிறகும் புதிதாக ஒன்றைத் தொட அஞ்சும்.

சாதியின் வேலையும் இதுதான். பிறக்கும்போதே உன் வேலை இன்னது என்று சொல்லிவிட்டால், ‘நான் என்ன ஆவேன்?’ என்ற கேள்விக்கு இடமில்லை. ஒருவரின் திறமையைப் பார்க்காமல் பெற்றோரின் சமூக நிலையைப் பார்த்துத் தொழிலை ஒதுக்குகிறது சாதி என்று 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் அம்பேத்கர் வாதிட்டார். 1953இல் இராஜாஜி தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னார். பெரியார் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்துப் போராடினார். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது.

கைவிடப்பட்டது வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குக் கீழே வேலையைத் தடை செய்கிறது. ஆனால் பள்ளி முடிந்த பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் ‘உதவலாம்’ என்கிறது. பள்ளி முடிந்த பிறகு என்பது விளையாடும் நேரம். விடுமுறை என்பது ஊர் சுற்றும் நேரம். அதைத்தான் சட்டம் எடுத்துக் கொடுக்கிறது. யாருடைய பிள்ளையிடமிருந்து? வழக்கறிஞரின் பிள்ளை மாலையில் வழக்காடப் போவதில்லை.

நான் நெசவுக்கு எதிரி அல்ல. நான் போகும் மாலைநேரப் படிப்பகத்தில் ஒரு பையன், “இந்த அட்டையில இருக்கிற ஓட்டைக்கு மயிலு எப்படிண்ணா தெரியும்?” என்று கேட்டான். அவன் அப்பா நெசவாளர். பழைய ஜக்கார்டு அட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, எல்லாரும் சுற்றி உட்கார்ந்தோம். ஓட்டை இருந்தால் ஊசி நுழையும், இழை மேலே போகும். இல்லையென்றால் போகாது. பிரெஞ்சுக்காரர் ஜக்கார்டின் இந்த அட்டையைத்தான் கணினிக்கு முன்னோடியான இயந்திரத்தை வடிவமைத்த பாபேஜ் எடுத்துக்கொண்டார் என்றதும், அவர்கள் காகிதத்தில் ஓட்டை போட்டு மயில் செய்யத் தொடங்கிவிட்டார்கள். அதே தறிதான். அங்கே பிள்ளையை உட்கார வைத்தது கடன். இங்கே உட்கார வைத்தது கேள்வி.

அந்தப் படிப்பகத்திலேயே, “வெளாட வுடாதீங்க தம்பி, படிக்க வைங்க” என்று சொல்லும் அம்மாக்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். படிப்பு ஒன்றுதான் நம்மைத் தறிக்குழியிலிருந்தும் சேரியிலிருந்தும் வெளியே கொண்டுவந்தது. அந்த அச்சம் இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களிடமும் இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும்போது ஒரு மணி நேரம் கபடி ஆடினால் குற்றவுணர்வு வருகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு ஓய்வு திருட்டுப் போலத் தோன்றுகிறது. அந்த உணர்வு உங்கள் குணக்குறை அல்ல. உழைத்தால்தான் உனக்கு மதிப்பு என்று தலைமுறைகளாகச் சொல்லிவைத்ததன் மிச்சம்.

ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு. இந்தியா 1992இல் அதை ஏற்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. ஆகவே கேட்போம். 2016 திருத்தத்தின் குடும்பத் தொழில் விலக்கை நீக்கு. ஒவ்வொரு பள்ளிக்கும் திடல் கொடு. காலனியிலும் நெசவாளர் தெருவிலும் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து ஆட ஒரு பொது இடம் கொடு. பெற்றோருக்கு முன்பணம் தேவைப்படாத அளவுக்குக் கூலி கொடு. இந்தக் கடைசிக் கோரிக்கை இல்லாமல் மற்ற மூன்றும் நிற்காது.

கூட்டம் முடிந்ததும் பந்தை எடுங்கள். நானும் வருகிறேன்.

ஜெய் பீம்.