அல்லிராணிக் கோட்டை

தலைமன்னாரில் நான் சிறுவனாக இருந்தபோது, அரிப்புக் கரையில் அல்லிராணியின் கோட்டை இருக்கிறதென்று அம்மம்மா சொல்லுவா. முத்துக்கடலை ஆண்ட அந்த அரசியின் கதையை நம்பித்தான், வளர்ந்த பின் அங்கே போனேன்.

கண்டது கோட்டையல்ல, ஆங்கிலேயர் மாளிகையொன்றின் இடிபாடு. இலங்கையின் முதல் பிரித்தானியத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யத் தங்குவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்தது. கிரேக்கக் கோயில்களின் டோரிக் பாணி. கிரேக்கத்தில் அந்தத் தூண்கள் கல், இங்கே செங்கல். அக்கால இங்கிலாந்துச் சீமான்களும் தங்கள் நாட்டுப்புற மாளிகைகளில் செங்கல்லுக்குச் சாந்து பூசிக் கல்லாகக் காட்டியதுண்டு. அரிப்பில் அந்தச் சாந்துக்கு முத்துச்சிப்பியைச் சுட்டு நீற்றினார்கள். சுவர் வெண்சலவைக்கல்லாய் மின்னியதாம். பாதிரியார் ஜேம்ஸ் கோடினர் 1807இல் வெளியிட்ட தமது இலங்கை நூலில் இம்மாளிகையைப் புகழ்ந்திருக்கிறார்.

அந்தச் சிப்பி எங்கிருந்து வந்தது? கல்லிலே கால் வைத்து, மூச்சடக்கிக் கடலடிக்கு இறங்கிய சுழியோடிகள் அள்ளி வந்தது. முத்தின் வருமானம் அரசாங்கத் திறைசேரிக்கு. ஓடு தேசாதிபதியின் சுவருக்கு!

இன்று கரையைக் கடல் அரித்து, மாளிகையின் பெரும்பகுதி சரிந்துவிட்டது. பூச்சு உதிர்ந்த இடமெல்லாம் செங்கல் தெரிகிறது.

அம்மம்மா சொன்னது சரித்திரமல்ல. ஆயினும், நோர்த்தின் பெயரை விட்டுவிட்டு ஊர் தன் அரசியின் பெயரால் அதை அழைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தச் சுவருக்கு வெண்மை தந்தவர்கள் இந்தக் கடலில் மூச்சடக்கியவர்களல்லவா?