மழைக்காலத்தில் வீடு பாருங்கள்



நாவலூரில் நான்கு வருடம் வாடகைக்கு இருந்தோம். கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய், சாயங்காலமானால் கடற்காற்று. அந்தக் காற்றில் மயங்கி, பக்கத்திலேயே தரைத்தளத்தில் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பினேன். பணம் அப்பாவுடைய பி.எஃப்.

"சித்திரையில பார்த்துட்டு வாங்காதடா, கார்த்திகையில போய்ப் பாரு" என்றார் அப்பா. போனேன். வாசலில் முழங்கால் தண்ணீர்!

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாகக் கால்வாய்க்கு வந்து, தெற்கே முட்டுக்காடு கழிமுகத்தில்தான் கடல் சேர வேண்டும். கடல்மட்டம் ஏறியிருந்தால் எங்கே வடியும்? சர்வே கேம்ப்பில் லெவல் எடுத்த எனக்கு இது தோன்றவில்லை, அப்பாவுக்குத் தோன்றியது. 2015 டிசம்பர் வெள்ளமும், 2023 மிக்ஜாம் புயலும் தென்சென்னைக்குக் கற்றுக்கொடுத்த பாடமும் இதுதான்.

பிறகு மேட்டுப் பகுதியில், இரண்டாம் மாடியில், சின்ன வீடாக வாங்கினோம். காற்று குறைவுதான். ஆனால் மழை ராத்திரியில் அப்பா தூங்குகிறார்.

வீடு வாங்கப்போகும் நண்பர்களே, பட்டா, வில்லங்கம் பார்ப்பதோடு நிற்காதீர்கள். கிராம வரைபடத்தில் ஓடை எங்கே போகிறதென்றும் பாருங்கள்.