வரப்பில் நிற்கும் களையும் உருளைக்கிழங்கின் வைரஸ் நோயும்



நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் உருளைக்கிழங்கு பயிரிடுவோர், வயலினுள் முளைக்கும் களையை எடுப்பதில் குறை வைப்பதில்லை. பயிருக்கு இட்ட எருவையும் நீரையும் களை உண்டுவிடும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் வரப்பிலும் ஓடைக்கரையிலும் தரிசிலும் நிற்கும் களை நம் எருவைத் தின்பதில்லை; ஆகவே அது தீங்கற்றது என்று எண்ணிவிடுகிறோம். அக்களையே வைரஸ் நோய்களின் உறைவிடமாகிறது என்பதை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

நோயின் இயல்பு

வைரஸ், உயிருள்ள உடலுக்குள் மட்டுமே பெருகக்கூடிய நுண்பொருள். இலைச் சுருள் நோய் கண்ட செடியில் இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு விறைத்துப் போகின்றன, செடி குட்டையாகிறது, கிழங்கு சிறுத்து, எண்ணிக்கையிலும் குறைகிறது. தேமல் நோயில் வெளிர் பச்சையும் கரும்பச்சையும் இலையில் திட்டுத் திட்டாகத் தோன்றுகின்றன. பூஞ்சாணத்தால் வரும் இலைக்கருகலைத் தடுக்க மருந்து தெளிக்கலாம். வைரஸ் புகுந்த செடியை வயலில் குணப்படுத்தும் மருந்தோ கிடையாது. அச்செடியின் கிழங்கை விதைக்கு வைத்தால் நோயையும் சேர்த்தே நடுகிறோம்.

களையின் பங்கு

அறுவடைக்குப் பின் வைரஸ் எங்கே தங்குகிறது? விதைக் கிழங்கில் தங்குகிறது, மண்ணில் தப்பிய கிழங்கிலிருந்து தானே முளைக்கும் செடியில் தங்குகிறது, களையிலும் தங்குகிறது. மணத்தக்காளி, ஊமத்தை, சொடக்குத் தக்காளி ஆகியவை உருளைக்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. எனவே கிழங்குப் பயிரைத் தாக்கும் வைரஸ்கள் பல இவற்றிலும் வாழ்கின்றன. களையில் நோய்க்குறி தெரியாமலே இருப்பதும் உண்டு. பசுமையாக நிற்கிறதே என்று நம்பிவிடலாகாது.

களையிலிருந்து பயிருக்கு நோயைச் சுமந்து செல்வது அசுவினிப் பூச்சி. இலைச் சுருள் வைரஸை ஏற்ற அசுவினி, தன் ஆயுள் முழுவதும் அதைப் பரப்பும். ஒய் வைரஸ் எனப்படும் தேமல் வைரஸையோ, சில விநாடிகள் சாறு உறிஞ்சிய அளவிலேயே ஏற்று, அடுத்த செடியில் சில விநாடிகளில் செலுத்திவிடும். தெளித்த மருந்து பூச்சியைக் கொல்வதற்குள் நோய் செடிக்குள் சென்றுவிடுகிறது. ஆகவே மருந்தை மட்டும் நம்புவது போதாது. வைரஸின் உறைவிடத்தையே அகற்ற வேண்டும். நீலகிரியில் ஆண்டில் மூன்று பருவங்களில் கிழங்கு பயிராவதால், ஒரு போகத்து நோய் அடுத்த போகத்திற்கு எளிதில் தாவுகிறது.

செய்ய வேண்டியவை

1. நடவுக்கு முன்னரே சுற்றுப்புறக் களைகளை அகற்றுக. பயிர் தழைத்து, அசுவினி பெருகிய பின் களையைப் பிடுங்கினால், இடமிழந்த பூச்சிகள் பயிருக்கே வந்து சேரும்.

2. மேலே கூறிய களைகளை வேரோடு எடுத்துக் குழியிலிட்டு மூடுக. வரப்பிலேயே குவித்து வைக்க வேண்டாம். ஊமத்தை நஞ்சுடையது, கால்நடைக்குப் போடலாகாது.

3. மலைச் சரிவில் புல்லையும் சேர்த்து வழித்து எடுத்தால் மழையில் மண் கரைந்தோடும். ஆகவே புல்லை விட்டு, நோய் தாங்கும் களைகளை மட்டும் எடுக்க வேண்டும்.

4. தானே முளைத்த கிழங்குச் செடிகளையும், பயிரில் நோய் கண்ட செடிகளையும் கிழங்கோடு தோண்டி அகற்றுக.

5. நோயற்ற விதையையே நடுக. உதகை அருகே முத்தோரையில் 1957-இல் நிறுவப்பட்ட மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் இதுபற்றி ஆலோசனை பெறலாம்.

மணத்தக்காளிக் கீரை நம் சமையலுக்கு உகந்ததாயிற்றே என்று தாய்மார்கள் கேட்கக்கூடும். அதை அடியோடு விலக்கச் சொல்லவில்லை. கிழங்கு வயலுக்குத் தொலைவில், வீட்டுக் கொல்லையில் வளர்த்துக்கொள்ளலாம்.

பஞ்சாயத்தின் கடமை

ஒருவர் தம் வரப்பைத் துப்புரவாக வைத்திருந்தும், அடுத்த தரிசில் களை மண்டியிருந்தால் அவர் உழைப்பு வீணாகிறது. கடன் வாங்கி நல்ல விதை நட்டவரின் பயிர், பிறர் நிலத்துக் களையால் கெடுவது முறையாகுமா? அசுவினி எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை. புறம்போக்கும் பாதையோரமும் ஓடைக்கரையும் எவர் ஒருவருக்கும் உரியவையல்ல. அவற்றைச் சீர்செய்வது ஊரின் பொறுப்பு. ஆகவே ஒவ்வொரு நடவுக்கும் முன்னால், கிராம சபையில் ஒரு நாளைக் குறித்து, ஊரார் அனைவரும் ஒன்றுகூடிக் களை அகற்றும் வழக்கத்தைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஏற்படுத்த வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. மண்வெட்டியும் ஒற்றுமையும் போதும்.