போர்வைக்குள் ஒரு நாய்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



மார்கழி பிறந்துவிட்டது. திருவருகைக் காலத்தின் கடைசி நாள்களில் இருக்கிறோம். திருப்பனந்தாள் பகுதியில் அதிகாலைத் திருப்பலிக்கு நடந்து வருகிறவர்கள் வழியில் பார்த்திருப்பீர்கள். மண்ணியாற்றுப் பக்கம் பனி மூடிக்கிடக்கும். டீக்கடை அடுப்பிலிருந்து அள்ளிக் கொட்டிய சாம்பலில் ஒரு நாய் படுத்திருக்கும். வீடு கட்ட இறக்கிய மணலில் குழி பறித்து, மூக்கை வாலுக்குள் செருகிக்கொண்டு இன்னொன்று சுருண்டிருக்கும். வீட்டில் வளர்கிற நாய் என்றால் அந்த நேரத்தில் உங்கள் காலடியில் போர்வைக்குள் புகுந்திருக்கும். "இது ஏன் எப்போது பார்த்தாலும் போர்வைக்குள் போய் ஒளிகிறது? மூச்சு முட்டாதா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

மறையுரையில் நாய்க்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். தோபித்து நூலை எடுத்துப் பாருங்கள். இளைஞர் தோபியா தொலைவான ஊருக்குப் புறப்படுகிறார், வானதூதர் இரபேல் துணைக்குப் போகிறார், அவர்களோடு நாயும் போகிறது. திரும்பி வரும்போதும் அது பின்னால் வருகிறது. கதையில் அந்த நாய் எதையும் சாதிக்கவில்லை. இருந்தாலும் நூலாசிரியர் அதை எழுதாமல் விடவில்லை. அந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

சரி, நாய் ஏன் போர்வைக்குள் போகிறது?

பிறந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். நாய்க்குட்டி கண் மூடியபடி பிறக்கிறது. கண் திறக்கப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் ஆகும். அதுவரை தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. தாயின் வயிற்றுக்கும் உடன்பிறந்த குட்டிகளுக்கும் இடையில் முட்டி மோதிப் புகுந்தால்தான் உயிர் தங்கும். கண் தெரியாது, காது கேட்காது. வெதுவெதுப்பும், மேலே அழுத்துகிற மெல்லிய பாரமும், தாயின் வாசனையும்தான் அதற்குத் தெரிந்த உலகம். வளர்ந்த பிறகு போர்வைக்குள் அதற்குக் கிடைப்பதும் இந்த மூன்றும்தான்.

நம் மனிதக் குழந்தையும் ஏறக்குறைய அப்படித்தான். பெத்லகேமில் மரியா தம் மகனைத் துணிகளில் சுற்றிக் கிடத்தினார் என்று லூக்கா எழுதியிருக்கிறார். அடுத்த வாரம் குடிலில் அதைத்தான் வைக்கப்போகிறோம். பிள்ளை பெற்ற எந்தத் தாய்க்கும் அந்த வரிக்கு விளக்கம் தேவைப்படாது.

இன்னொரு காரணம் மிகப் பழையது. நாயின் முன்னோராகிய ஓநாய், குட்டி போடுவதற்கு மண்ணில் வளை தோண்டும் அல்லது பாறை இடுக்கைத் தேடும். நம் தெரு நாயும் நிறைமாதமானால் மதகுக்கு அடியிலோ, வைக்கோல் போருக்கு அடியிலோ, மூங்கில் கொல்லையிலோ இடம் பார்த்துக் காலால் பறிக்கிறது. வீட்டு நாய் படுக்குமுன் ஜமக்காளத்தைப் பறண்டிச் சுற்றிச் சுற்றி வருவது இதன் மிச்சம். சில இனங்களில் இந்தப் பழக்கத்தை மனிதரே வளர்த்துவிட்டார்கள். நீண்ட உடலும் குட்டைக் காலுமாக இருக்கும் டாக்ஸ்ஹண்ட் நாயை ஜெர்மனியில் வளைக்குள் புகுந்து வேட்டையாடவே உருவாக்கினார்கள். வளைக்குள் போகவென்று தலைமுறை தலைமுறையாகப் பழக்கிவிட்டு, இப்போது போர்வைக்குள் போகிறதே என்று அதை அதட்டுவதில் நியாயம் இல்லை.

குளிரும் உண்டு. 2005-ல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய் இனங்கள் நான்கை அஞ்சல்தலைகளில் வெளியிட்டது. அவற்றில் ஒன்று இமயமலை ஆட்டுநாய், இன்னொன்று நம் ராஜபாளையம். முன்னதற்குக் கம்பளி போன்ற அடர்ந்த முடி. ராஜபாளையத்துக்கு ஒட்டிய குட்டை முடி. சிப்பிப்பாறையும் கன்னியும் அப்படியே, உடலில் கொழுப்பும் குறைவு. நாயின் இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். நம்மைவிட அதிகம். அதனால் நமக்குச் சிலுசிலுப்பாகத் தெரிகிற மார்கழிக் காற்று மெலிந்த நாயை நடுங்க வைக்கிறது. சொறி பிடித்து முடி கொட்டிய நாயின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் குளிர் மட்டும்தான் காரணம் என்றால் துவைத்து மடித்த போர்வையும் போதுமே! அது உங்கள் போர்வையைத்தானே தேடுகிறது? நேற்று நீங்கள் போர்த்திய, வேர்வை வாடை அடிக்கிற போர்வை. அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தின் கிரிகரி பெர்ன்ஸ் என்ற அறிஞர், மயக்க மருந்து கொடுக்காமல், ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்க நாய்களைப் பழக்கி, பலருடைய வாசனைகளையும் பிற நாய்களின் வாசனைகளையும் முகரச் செய்து மூளையைப் படம் பிடித்தார். பழகிய மனிதரின் வாசனை வந்தபோதுதான், நல்லதை எதிர்பார்க்கும்போது வேலை செய்கிற மூளைப்பகுதி மிகுதியாக வேலை செய்தது. வாசனைக்கு உரியவர் அந்த இடத்தில் இல்லாதபோதும் அப்படி. நீங்கள் வயலுக்கோ வேலைக்கோ போன பிறகு உங்கள் பழைய லுங்கிமேல் அது படுத்திருப்பதற்குப் பொருள் இதுதான்.

அச்சத்திலும் ஒளிகிறது. நம் காதுக்கு நொடிக்கு இருபதாயிரம் அதிர்வுக்கு மேல் கேட்காது, நாய்க்கு நாற்பதாயிரத்துக்கும் மேல் கேட்கும். தீபாவளிக்கும், கிறிஸ்துமஸ் நள்ளிரவுக்கும், புத்தாண்டுக்கும் நாம் வெடிக்கிற வெடி அதற்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அன்று கட்டிலுக்கு அடியிலோ போர்வைக்குள்ளோ ஓடினால் காலைப் பிடித்து வெளியே இழுக்காதீர்கள், "பயப்படாதே" என்று சிரித்துக்கொண்டு வாசலுக்குத் தூக்கி வராதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், போதும். தானாக வெளியே வரும்.

இங்கே ஒரு கேள்வி எழும், எழவும் வேண்டும். கும்பகோணம் பேருந்து நிலையத்தில் மனிதர்கள் வெறுந்தரையில் படுத்திருக்க, நாயின் போர்வையைப் பற்றிப் பேசுவதா? திருஅவையின் மறைக்கல்வி நூலே இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்கிறது. தேவையில்லாமல் விலங்குகளைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கு எதிரானது என்கிறது. மனிதரின் துயரைத் துடைக்க வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்கிறது. நான் இதை இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: புதிய கம்பளி மனிதருக்கு, கிழிந்த சேலை நாய்க்கு. விடுதலைப் பயண நூலில் ஒரு சட்டம் இருக்கிறது. ஏழையின் மேலாடையை அடகாக வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இரவில் அவன் போர்த்துக்கொள்ள வேறொன்றும் இல்லை. கடன், வட்டி என்று பேசிவரும் இடத்தில் ஒருவன் இரவில் எதைப் போர்த்துவான் என்று கடவுள் கவலைப்படுகிறார். அந்தக் கவலை நமக்கு வந்தால் வாசலில் நடுங்குவது யாராக இருந்தாலும் கண்ணில் படும்.

இப்போது பிள்ளைகள் கேட்ட மூச்சு. நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த நாய், காற்று குறைந்தாலோ புழுங்கினாலோ தானே வெளியே வந்துவிடும். வெளியே வர வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான். எனவே போர்வையைச் சுற்றிச் செருகிவிடாதீர்கள். பருத்திச் சேலை, பழைய வேட்டி நல்லது. தார்ப்பாயும் பாலித்தீன் சாக்கும் காற்றை விடாது. நூல் பிரிந்த கம்பளியைக் கடித்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். மிகச் சின்னக் குட்டியையும், எழுந்து நிற்கத் தடுமாறும் கிழ நாயையும் கனத்த போர்வைக்குள் தனியே விடவேண்டாம். 2003-ல் தொலைக்காட்சியில் ஒரு சிறுவன் பின்னாலேயே ஓடிய பக் நாயைப் பார்த்துவிட்டு அந்த இனத்தை வாங்கியவர்கள் பலர். மூக்கு சப்பையான அந்த நாய்கள் சும்மா இருக்கும்போதே மூச்சுக்குத் திணறும். அவற்றுக்குத் தலையை மூடாமல் பக்கத்தில் துணியை விரித்தால் போதும். சித்திரை, வைகாசியில் எந்த நாய்க்கும் போர்வை வேண்டாம். அப்போது அது தண்ணீர்க் குழாயடி ஈரமண்ணைப் பறித்துப் படுக்கும். நாய்க்கு உடல் முழுதும் வேர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டுத்தான் சூட்டைத் தணிக்கிறது. அந்தக் குழியை மூடி விரட்டாதீர்கள்.

பெற்றோர் இதைக் கவனமாகக் கேளுங்கள். போர்வைக்குள் உறங்குகிற நாய்மேல் குழந்தை தெரியாமல் உட்கார்ந்துவிடும், அல்லது கையை உள்ளே விட்டு இழுக்கும். திடுக்கிட்ட நாய், எவ்வளவு சாதுவானாலும் கடிக்கக்கூடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அதுவாக வெளியே வரும்வரை காத்திருக்கக் குழந்தைகளுக்குப் பழக்குங்கள். இன்னொன்று: வழக்கமாக ஓடி வருகிற நாய் திடீரென இருட்டு மூலையில் ஒதுங்கி, கூப்பிட்டால் வராமல், சாப்பிடாமல் இருந்தால் அது குளிர் அல்ல. வலியாக இருக்கலாம், காய்ச்சலாக இருக்கலாம். எச்சில் வடிந்து, குரல் மாறியிருந்தால் வெறிநோயாகவும் இருக்கலாம். தொடாதீர்கள், கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். கடியோ நகக்கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ காபித்தூளோ வேண்டாம். மந்திரிக்கவும் வேண்டாம். முதல் ஊசியோடு நிறுத்தாமல் மருத்துவர் சொல்கிற நாள்களிலெல்லாம் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. வளர்க்கிற நாய்க்கு மூன்று மாதத்தில் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும்.

தெருவில் உள்ளவை போர்வைக்குப் பதிலாக நம் வண்டிகளைத் தேடுகின்றன. காலையில் வேனையோ டிராக்டரையோ எடுக்குமுன் குனிந்து அடியில் பாருங்கள், பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டுங்கள்.

தை பிறந்ததும் சம்பா அறுவடை. இப்போது இயந்திரம் வந்து வைக்கோலைக் கட்டாகச் சுருட்டிவிடுவதால் போர் போடுகிற வீடுகள் குறைந்துவிட்டன. போர் இருக்கிற வீடுகளில், அடியில் வைக்கோலைப் பறித்த தடம் தெரிந்தால் அங்கே அரிவாளையோ கவையையோ பாய்ச்ச வேண்டாம். உள்ளே குட்டிகள் இருக்கும். தாய் அருகில் இருக்கும்போது கையை நீட்டாதீர்கள். மறுபக்கத்திலிருந்து வைக்கோலை உருவிக்கொள்ளுங்கள். மூன்று நான்கு வாரத்தில் குட்டிகள் நடந்து தாமாகவே வெளியே வந்துவிடும்.

இறைவன் உங்கள் இல்லங்களையும், அவற்றின் வாசலில் படுத்திருப்பவற்றையும் ஆசீர்வதிப்பாராக.