விமானத்தின் இரைச்சலும் குழல்வாயின் வடிவமும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிச் செஞ்சியில் நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். அதனை என்னினும் நன்றாகப் பேசவல்லவர்கள் இங்கே பலர் உள்ளனர். எனவே நான் கல்வியைப் பற்றிப் பேசாமல், கற்கத்தக்க ஒரு பொருளைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். ஜெட் விமானத்தின் இரைச்சலை, அதன் பின்புறக் குழலின் வாயை வேறு வடிவில் அமைத்துக் குறைத்த வரலாறே அப்பொருள்.

செஞ்சிக்கோட்டையின் அடிவாரத்தில் வாழும் நமக்கு விமானத்தோடு என்ன உறவு என்று நீங்கள் வினவலாம். உறவு உண்டு. நம் வட்டாரத்திலிருந்து கட்டட வேலைக்கும் கூலி வேலைக்கும் சென்னைக்குச் செல்வோர் வாடகை குறைந்த இடத்தையே தேடுவர். மீனம்பாக்கம் விமான நிலையத்தைச் சூழ்ந்து பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர், கவுல் பஜார் என்று மக்கள் நெருங்கி வாழும் பகுதிகள் உள்ளன. விமானத்தில் ஏறிச் செல்பவர் ஒருவர். அதன் ஓசைக்குக் கீழே குழந்தையை உறங்க வைப்பவர் வேறொருவர். அந்த ஓசை எங்கே பிறக்கிறது, அதனைக் குறைக்கும் அறிவு எப்படி வளர்ந்தது, அவ்வறிவு நம் பிள்ளைகளுக்கு எட்டக்கூடியதுதானா என்பனவே இன்றைய வினாக்கள். நான் வரலாறு படித்து ஆசிரியப் பணிக்கு வந்தவன். ஆதலால் கணக்கைக் கரும்பலகையின் அளவிலேயே நிறுத்திக்கொள்வேன்.

ஓசை பிறக்கும் இடம்

ஜெட் இயந்திரம் முன்புறத்தில் காற்றை உள்ளிழுக்கிறது, அதனை அழுத்துகிறது, எரிபொருளைச் சேர்த்து எரிக்கிறது, சூடேறிய வாயுவைப் பின்புறக் குழலின் வழியே மிகுந்த விரைவோடு வெளியேற்றுகிறது. வாயு பின்னோக்கிப் பாய்வதால் விமானம் முன்னோக்கி உந்தப்படுகிறது. ஊதிய பலூனைக் கட்டாமல் விட்டால் பறக்கிறதே, அதே விதிதான்.

இயந்திரத்தின் இரும்பு உறுப்புகள் எழுப்பும் ஓசை உண்டு. ஆனால் முதல் தலைமுறை ஜெட் விமானங்கள் மேலெழும்போது இடி போல் முழங்கிய ஓசையின் பெரும்பகுதி இயந்திரத்துக்கு உள்ளே பிறந்ததன்று. குழலுக்கு வெளியே, வெறுங்காற்றில் பிறந்தது. நம் வயல்களின் பம்புசெட்டை நினைத்துப் பாருங்கள். குழாயிலிருந்து சீறிவரும் நீர் தொட்டியில் தேங்கிய நீருக்குள் பாய்கிறது. விரைந்த நீரும் அசையா நீரும் உரசும் எல்லையில் சுழிகள் தோன்றுகின்றன. அவை உருண்டு, பெருத்து, உடைகின்றன. அங்கேதான் சலசலப்பு. விமானத்தின் பின்னாலும் இதுவே நிகழ்கிறது. விரையும் வாயுத் தாரையும் வெளியே உள்ள காற்றும் மோதிக் கலக்கும் இடத்தில் எழும் சுழிகளே முழங்குகின்றன. இரும்பு முழங்கினால் இரும்பை மூடலாம். வெளியே காற்று முழங்கும்போது எதனை மூடுவது? இதுவே பொறியாளர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாடு.

எட்டாம் படி

1952ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் பயணிகளுக்கான முதல் ஜெட் விமானச் சேவை காமெட் விமானத்தின் மூலம் லண்டனிலிருந்து ஜொகனஸ்பர்க்குக்குத் தொடங்கிற்று. அதே 1952இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் ஜேம்ஸ் லைட்ஹில், காற்றோட்டம் எவ்வாறு ஒலியைப் பிறப்பிக்கிறது என்பதைக் கணித முறையில் விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 28. அக்கோட்பாட்டின்படி, தாரை வெளியிடும் ஒலியாற்றல் தாரை வேகத்தின் எட்டாம் படியைப் பொறுத்தது.

மாணவர்களே, இதனைக் கணக்கிட்டுப் பாருங்கள். குழலின் அளவு மாறாமல் வேகத்தைப் பாதியாக்கினால் ஒலியாற்றல் பாதியாவதில்லை. இரண்டை எட்டு முறை பெருக்கினால் 256. ஆகவே ஒலியாற்றல் 256இல் ஒரு பங்காகிவிடும். டெசிபல் கணக்கில் 24 குறையும். ஆனால் வேகம் பாதியானால் உந்துவிசையும் நான்கில் ஒரு பங்காகிவிடுமே, விமானம் எப்படி எழும்? குழலின் பரப்பை நான்கு மடங்காக்கினால் இழந்த உந்துவிசை மீண்டும் கிடைக்கும். பரப்பு நான்கு மடங்கானதால் ஒலியும் நான்கு மடங்காகும். 256ஐ நான்கால் வகுத்தால் 64. அப்போதும் ஒலி 64இல் ஒரு பங்குதான். 18 டெசிபல் இலாபம். குறைந்த காற்றை மிக விரைவாகத் தள்ளாதே, நிறைந்த காற்றை மெதுவாகத் தள்ளு என்பதே இக்கணக்கு சொல்லும் பாடம்.

மடல் விரிந்த குழல்

பாடம் தெரிந்தும், அத்தகைய பெரிய இயந்திரத்தைச் செய்யும் திறன் அன்று இல்லை. ஆனால் ஓசையைக் கேட்ட மக்கள் பொறுத்திருக்கவில்லை. 1958இல் நியூயார்க் விமான நிலையங்களை நிர்வகித்த துறைமுக ஆணையம் ஓசைக்கு உச்ச வரம்பு வகுத்து, அதற்கு உட்பட்டே ஜெட் விமானங்களை அனுமதித்தது. வேகத்தைக் குறைக்க இயலாத நிலையில், பொறியாளர்கள் குழல்வாயின் வடிவத்தில் கை வைத்தனர். ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தின் கிரேட்ரெக்ஸ் என்பவர் வட்டமான வாயை மடிப்பு மடிப்பாக, பூவிதழ் விரிந்தாற்போல அமைத்தார். அமெரிக்கர்கள் ஒரே வாய்க்குப் பதில் பல சிறு குழாய்களின் கட்டைப் பொருத்தினர்.

இந்த மடல் குழல் நம் நாட்டுக்கும் வந்தது. 1960இல் ஏர் இந்தியா பெற்ற போயிங் 707 விமானங்களில் ரோல்ஸ்-ராய்ஸ் கான்வே இயந்திரமும் கிரேட்ரெக்ஸ் குழலும் இருந்தன. 1966 சனவரி 24ஆம் நாள் அறிவியலறிஞர் ஹோமி பாபாவைச் சுமந்து சென்று மோன்பிளாங்க் மலையில் மோதிய ‘கஞ்சன்ஜங்கா’ விமானமும் அவ்வகையைச் சேர்ந்ததே.

வடிவம் மாறினால் ஓசை ஏன் குறைகிறது? ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு 3.14 மீட்டர். அதே மொத்தப் பரப்பை அரை மீட்டர் விட்டமுள்ள நான்கு வட்டங்களாகப் பிரித்தால் சுற்றளவு 6.28 மீட்டர், இரு மடங்கு. வெளிக்காற்று கலப்பதற்குக் கிடைக்கும் எல்லை இரட்டிக்கிறது. கலப்பு விரைவில் முடிகிறது. முழங்கும் தாரையின் நீளம் சுருங்குகிறது. அதோடு சுழிகளின் அளவும் சிறுக்கிறது. பெருஞ்சுழி தாழ்ந்த சுருதியில் முழங்கும். சிறுசுழி உயர்ந்த சுருதியில் சீறும்.

சுருதியைப் பற்றி நமக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. வைக்கோலைக் கொளுத்தி, பறையின் தோலை அனலில் காட்டி, ஈரம் போக்கி, இறுக்கம் ஏற்றிச் சுருதி சேர்த்த கைகள் நம் முன்னோர் கைகள். தோலின் இழுவிசை மிகுந்தால் அதிர்வெண் மிகும் என்று பாடநூல் கூறுவதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து காட்டியவர்கள் அவர்கள். அடிக்கச் சொன்னவர்கள் அதனை இழிதொழில் என்றார்கள். அதற்குள் இருந்த அறிவை எழுதி வைக்கவில்லை. ஒலியியல் நமக்கு அயலான துறை என்று எந்தப் பிள்ளையும் நினைக்க வேண்டாம்.

உயர்ந்த சுருதி காற்றில் வெகுதூரம் செல்லாது. தொலைவில் வரும் ஊர்வலத்தில் பெரிய மேளத்தின் முழக்கம் முதலில் கேட்கும். தாளத்தின் ஒலி அருகில் வந்த பின்னரே கேட்கும். அதுபோல் மடல் குழலின் சீற்றத்தைக் காற்றே ஓரளவு விழுங்கிவிடும். ஆயினும் நம் செவி உயர்ந்த சுருதியைக் கூர்மையாக உணர்வது. ஆதலால் கிடைத்த நன்மையில் ஒரு பகுதி கழிந்தது. குழலின் எடை கூடிற்று. உந்துவிசை சற்றுக் குறைந்தது. எரிபொருள் மிகுதியாகச் செலவாயிற்று. இலவசமாக வந்த அமைதி அன்று அது.

விசிறியும் பற்களும்

லைட்ஹில்லின் பாடத்தைப் பின்னர் வந்த இயந்திரங்கள் நிறைவேற்றின. முன்புறத்தில் பெரிய விசிறி வைத்து, காற்றின் பெரும்பகுதியை எரிக்காமல் உள்ளியந்திரத்தைச் சுற்றி மெதுவாகப் பின்னே தள்ளும் முறை அது. கான்வே இயந்திரத்தில் சுற்றிச் சென்ற காற்று, உள்ளே சென்ற காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 1971இல் ஏர் இந்தியாவுக்கு வந்த போயிங் 747இன் இயந்திரத்தில் அது ஏறத்தாழ ஐந்து மடங்கு. 2012இல் வந்த போயிங் 787இன் இயந்திரத்தில் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. ஓசைக் குறைப்பின் பெரும்பங்கு இதற்கே உரியது.

எனினும் குழல்வாயின் கதை முடியவில்லை. அடுத்த முறை 787 விமானத்தின் படத்தைக் கண்டால் இயந்திரக் கூட்டின் பின்விளிம்பைக் கவனியுங்கள். அது வட்டமாக வெட்டப்படாமல், இரம்பம் போல் பல் பல்லாக இருக்கும். ஒவ்வொரு பல்லும் தன் ஓரங்களில் சிறு சுழிகளை உண்டாக்குகிறது. அவை வேகத் தாரையையும் மெதுவான காற்றையும் மென்மையாகக் கலந்துவிடுகின்றன. முழங்கும் பெருஞ்சுழிகள் வலுவிழக்கின்றன. இதனால் சில டெசிபல் குறைகிறது. பயணியர் அறையின் சுவரில் வைக்கும் ஒலித்தடுப்புப் பொருளின் எடையும் குறைகிறது. கிரேட்ரெக்ஸின் ஆழ்ந்த மடிப்பு, அரை நூற்றாண்டுக்குப் பின் சிறு பல்லாக இளைத்து வந்தது என்று சொல்லலாம்.

பல்லுக்கும் விலை உண்டு. மேலெழும்போது உதவுகிற பல், வானில் நெடுந்தொலைவு பறக்கும்போது உந்துவிசையில் சிறிது திருடிக்கொள்கிறது. 2005இல் நடந்த சோதனைகளில், வெப்பத்துக்கேற்ப வளைந்து நிமிரும் நிக்கல்-டைட்டானியக் கலப்புலோகத்தால் பற்களை இயக்கிப் பார்த்தனர்: புறப்படும்போது உள்நோக்கி வளையும், உயரத்தில் நிமிர்ந்துகொள்ளும். போயிங் நிறுவனமே பின்னர் வடிவமைத்த 777எக்ஸ் விமானத்தில் பற்களை விட்டு வேறு வழி கண்டது. அமைதிக்கும் எரிபொருளுக்கும் இடையே நடக்கும் இந்தப் பேரம் இன்னும் முடியவில்லை.

போர் விமானங்களில் பெரிய விசிறிக்கு இடமில்லை. சூலூரில் தேஜஸ் அணியும் தஞ்சாவூரில் சுகோய் அணியும் உள்ள நம் மாநிலத்தில் அதுவும் எண்ணத்தக்கது. அத்தகைய விரைந்த தாரைக்குக் குழல்வாயின் வடிவமே முதன்மையான துணை.

நம்மவர் பங்கு

இத்துறை வெள்ளையர் மட்டுமே செய்தது என்று எண்ணிவிடாதீர்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த எதிராஜன் ராதாகிருஷ்ணன், குழல்வாயில் சிறு தகடுகளைத் துருத்தி நிறுத்தித் தாரையின் கலப்பைக் கட்டுப்படுத்தும் ஆய்வில் பெயர் பெற்றவர். போயிங் நிறுவனத்தின் ஆய்வாளர் கே. விசுவநாதன், குழல்வாயைச் சாய்வாக அரிந்தால் ஒலி எத்திசையில் எவ்வளவு செல்லும் என்பதை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். சென்னை ஐ.ஐ.டி.யில் எதிரொலியற்ற அறையில் சிறு தாரைகளின் ஓசை அளக்கப்படுகிறது. விமான நிலையத்துக்கு அருகிலேயே, குரோம்பேட்டையில் 1949இல் தொடங்கிய எம்.ஐ.டி. கல்லூரி, அப்துல் கலாம் விமானப் பொறியியல் கற்ற இடம். ஓசை விழும் ஊருக்கும் அதனைக் குறைக்கக் கற்பிக்கும் கல்லூரிக்கும் இடையே தொலைவு மிகச் சிறிது. அச்சிறு தொலைவை நம் பிள்ளைகள் கடந்தார்களா என்பதே என் கேள்வி.

கடப்பதற்கு வழி இல்லாமல் இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 2021இல் இயற்றியது. ஆனால் பொறியியலில் அவ்விடத்தைப் பெற, மேல்நிலை வகுப்பில் இயற்பியலும் கணிதமும் எடுத்திருக்க வேண்டும். ‘கணக்கு நமக்கு வராது’ என்று பதினைந்து வயதுப் பிள்ளை சொல்லும்போது, பெரும்பாலும் அது பிள்ளையின் சொல் அன்று. யாரோ அதன் காதில் போட்ட சொல். அண்ணல் அம்பேத்கர் நிறுவிய மக்கள் கல்விக் கழகம் 1946இல் மும்பையில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, கலையோடு அறிவியலையும் அங்கே வைத்தது. நம் சங்கமும் அவ்வழியை மேற்கொள்ள வேண்டும். மாலை வகுப்பில் இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் வாரத்தில் இரண்டு நாட்களை ஒதுக்குமாறு நிருவாகிகளை இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

பொறியாளர் ஆகாதவர்க்கும் இதில் பங்குண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரம்பு வகுத்துள்ளன. விமான நிலையச் சூழலுக்குத் தனி வரம்புகள் 2018இல் அறிவிக்கப்பட்டன. இவற்றைப் படித்து, அளவு கேட்டு, மனு எழுதத் தெரிந்தவர் ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒருவராவது வேண்டும். நியூயார்க்கில் விமானத்தின் ஓசை தானாகக் குறையவில்லை. ஓசையைக் கேட்டவர்கள் கேள்வியும் கேட்டதால் குறைந்தது.